வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம்

பிப்ரவரி 26, திங்கள்

பேராசிரியர் சுவா எல்லாரையும் ஆய்வுக் குறிப்பேடு எழுதச் சொல்லியிருக்கிறார். அது ஆங்கிலத்தில், பக்க எண்ணோடு, கையெழுத்தோடு. இது வேறு. இந்த ஆய்வுக்கூடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆகவே இதற்குப் பூட்டு தேவையில்லை. இதில் எல்லாரும் தமிழிலேயே பேசுவார்கள். சுவா பினாங்குச் சீனர், அவர் பேசும் ஆங்கிலத்தை அப்படியே எழுதி என் நோட்டைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

வேலை இதுதான். சீன மருத்துவத்தில் ஐந்து மூலிகை சேர்ந்த ஒரு கஷாயம். மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களுக்கு வரும் வியர்வைக்கும் தூக்கமின்மைக்கும் கொடுப்பார்கள். அதைக் காய்ச்சி வடித்துப் பொடியாக்கி, கேப்சூலில் அடைத்திருக்கிறோம். நாற்பத்தெட்டுப் பெண்கள், பன்னிரண்டு வாரம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, அதிலுள்ள ஆயிரத்துச் சொச்சம் பொருள்களையும் கருவியில் அளந்து, உடம்பு முழுவதையும் ஒரே வலையாகக் கணினியில் போட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. ஒரு மருந்து, ஒரு இலக்கு என்பதெல்லாம் பழைய பாணி. இருநூற்றுப் பதினான்கு மூலிகைப் பொருள்கள், எண்ணூறு புரதங்கள், இடையில் கோடுகள். திரையில் பார்த்தால் பிழியப்பட்ட இடியாப்பம் மாதிரி இருக்கும். எனக்கு அது அழகு.

ஒரே சிக்கல். இந்தியப் பெண்கள் ஐந்து பேராவது வேண்டும் என்று நெறிமுறைக் குழு சொல்லிவிட்டது. நான்கு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள்.

மார்ச் 2, சனி

அக்காவைக் கேட்டேன். பெயர் தனபாக்கியம், வயது ஐம்பத்தைந்து, பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான் பண்ணிக்கொண்டு திரும்பி வந்தவள். பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் இல்லை என்று ஒரு வருடமாக என் உயிரை எடுக்கிறாள், அப்புறம் வேறு யாரைக் கேட்பது.

"சீனன் மருந்தெல்லாம் எனக்கு ஒத்துக்குமா சுகு?"

"அதைப் பாக்கத்தானே ஆராய்ச்சி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுப்பாங்க, எல்லாத்தையும் நான் பாப்பேன்."

"எல்லாத்தையுமா?"

"உன் ஒடம்புல ஓடற ஒவ்வொண்ணையும்."

"அப்ப சரி. நீ பாக்கறேன்னா எனக்கென்ன பயம். எங்க கையெழுத்துப் போடணும்?"

சிவப்புப் பேனாவால் போட்டாள். படிவத்தில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததாம், அதையும் வட்டம் போட்டாள்.

மார்ச் 4, திங்கள்

முதல் இரத்தம். தாதி ஹயாத்தி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண் ஒட்டினாள். பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கிற பதிவேடு அவளுடைய இரும்பலமாரியில். எனக்கு எண் மட்டும்தான் வரும். யார் யார், எவருக்கு மருந்து, எவருக்கு மாவு, எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் சாய்ந்துவிடும். அக்கா எந்த எண் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹயாத்தி சொல்லவும் மாட்டாள்.

மார்ச் 6, புதன்

சியூ லானோடு சண்டை. எங்கள் குழுவின் சின்சே அவள். சின்சே என்றால் சீன வைத்தியர். தாடி வைத்த கிழவரை நினைக்க வேண்டாம், என்னைவிடப் பத்து வயது சின்னவள், இரண்டு பட்டம், வாய் நீளம். மருந்தின் தலைமை மூலிகை ஹோ ஷோ வூ என்கிற கிழங்கு. அதைக் கறுப்பு சோயா சாற்றில் வேகவைத்துக் காயவைத்து, மறுபடி வேகவைத்து, மறுபடி காயவைத்துத்தான் கொடுக்க வேண்டுமாம். வந்திருக்கிற சரக்கு சரியாக வேகவில்லை என்று ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சப்ளையர் சான்றிதழ் இருக்கு. உள்ளே இருக்கிற பொருள் பட்டியலும் எங்கிட்ட இருக்கு," என்றேன்.

"உங்க பட்டியல்ல எத்தனை தடவை வேக வெச்சதுன்னு இருக்கா?"

இல்லை. பச்சைக் கிழங்குக்கும் வெந்த கிழங்குக்கும் தரவுத்தளத்தில் ஒரே பெயர், ஒரே பட்டியல். எது இருக்கிறது என்று இருக்கும், எவ்வளவு இருக்கிறது என்று இருக்காது. அதை அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை.

"இன்னொண்ணு," என்றாள். "என் கிளினிக்ல ஒரே கஷாயத்தை ஒருத்தருக்கு பன்னெண்டு வாரம் கொடுக்கவே மாட்டேன். வாரா வாரம் நாக்கைப் பாப்பேன், நாடி பாப்பேன், ஒண்ணைக் கூட்டுவேன், ஒண்ணை எடுத்துடுவேன். இங்க முதல் நாளைக்கு அப்புறம் எனக்கு ஆளையே காட்ட மாட்டேங்கறீங்க."

"ஆளுக்கு ஆள் மாத்தினா அது ஆராய்ச்சி இல்லை சியூ லான், சமையல்."

சுவா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

இரண்டாம் வாரம். அக்கா நன்றாகத் தூங்குகிறாளாம். வியர்வையும் குறைந்துவிட்டதாம். "உங்க மாவு அபாரமா வேலை செய்யுது," என்று கேலி வேறு. ஆசிரியர் அறையில் எனக்கு விளம்பரம் செய்துகொண்டிருக்கிறாள். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 20, புதன்

தண்ணீர்த் தொட்டி கழுவினோம்.

ஏப்ரல் 1, திங்கள்

நான்காம் வாரம். அக்காவை நானே காரில் கூட்டிப்போனேன். இரத்தம் எடுக்கும் நாளில் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு. கோப்பி இல்லாமல் அக்கா காலையில் மனுஷியாகவே இருக்க மாட்டாள். பினாங்குப் பாலத்தில் நெரிசல், வழியெல்லாம் புலம்பல். "ஒரே ஒரு வாய் குடிச்சா உங்க மெஷினுக்குத் தெரியவா போகுது?" தெரியும் என்றேன். கோப்பித்தூள் டப்பாவை நேற்றே எடுத்து என் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டேன். ஒரு வாய்கூட இல்லை. எச்சில் முழுங்கிக்கொண்டே வந்தாள், பாவம்.

ஹயாத்தி நோன்பு. நாற்பத்தெட்டுப் பேருக்கு ஊசி குத்தி நின்றவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. முகம் வாடியிருந்தது.

கல்லீரல் பரிசோதனை தொடக்கத்தில் ஒன்று, இன்று ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று. அது மருத்துவமனைக்குப் போகும். மற்ற குழாய்கள் எனக்கு.

ஏப்ரல் 5, வெள்ளி

கல்லீரல் முடிவுகள் வந்தன. நாற்பத்தெட்டும் வரம்புக்குள் என்று ஹயாத்தி சொன்னாள். ஒன்றிரண்டு மேல் எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறதாம், ஆனாலும் உள்ளேதான். அக்காவிடம் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே," என்றாள். என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

நான்காம் வார இரத்தத்தின் அளவுகள் கருவியிலிருந்து வந்துவிட்டன. திரையில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி. ஒத்த உடம்புகள் ஒன்றாகக் கூடும். நாற்பத்தோரு புள்ளிகள் மந்தை மாதிரி ஒரே இடத்தில். ஏழு புள்ளிகள் விலகி நிற்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் ஏழிலும் பித்த அமிலம் ஏறியிருக்கிறது.

அளவுகளை இன்னொரு முறை சரிபார்த்தேன். அப்புறம் புரிந்தது. நோன்பு மாதம். ஐந்தரை மணிக்கு முன்னால் சஹூர் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு ஊசிக்கு வந்திருப்பார்கள். சாப்பிட்டால் பித்த அமிலம் ஏறும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது.

சுவாவிடம் போனேன். மனிதர் எதையும் சும்மா விடமாட்டார்.

"காரணம் இருந்தா எடு. காரணம் இல்லாம ஒரு புள்ளியைக்கூட எடுக்காதே."

"காரணம் இருக்கு. வெறும் வயிறு இல்லை."

"ஹயாத்தியைக் கேட்டியா?"

"அவளோட பதிவேட்டுல பேர் இருக்கு. நான் அதைப் பாக்கக்கூடாது."

தலையாட்டினார். ஏழையும் நீக்கினேன். கணினியில் ஒரே வரி, ஏழு எண்கள்: 6, 12, 19, 22, 31, 40, 45. குறிப்பில் 'வெறும் வயிறு அல்ல' என்று எழுதி வைத்தேன். படம் தெளிந்துவிட்டது. மருந்து சாப்பிட்டவர்கள் ஒரு பக்கம், மாவு சாப்பிட்டவர்கள் ஒரு பக்கம் என்று பிரிகிற மாதிரி இரண்டு கூட்டம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. கை தட்டலாம்போல இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் யார் என்று, பெயரை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் சொல்லும்படி ஹயாத்தியைக் கேட்டிருக்கலாம். நாளை ஹரிராயா, நோன்புப் பெருநாள், அவள் சீக்கிரம் கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி என்று தலைக்கு மேல் வேலை. அக்கா சமைத்தாள், சாப்பிடவில்லை. எண்ணெய் வாசனையே குமட்டுகிறதாம்.

"நாக்கு செத்துப் போச்சு சுகு."

"காலையிலேருந்து அடுப்படியில நின்னா யாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

மூன்று மாதமாக மழை இல்லை. வெயில் ஆளைக் கொல்கிறது.

ஏப்ரல் 15, திங்கள்

ஆறாம் வாரம். நேற்றும் சாப்பிடவில்லை, இன்று வெறும் வயிறு வேறு, அக்கா பாதி உயிராக வந்தாள். ஊசி போட்ட இடத்தில் பருத்திப் பஞ்சை வெகுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஹயாத்தி சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து மைலோ கொடுத்தாள். பாதிதான் குடித்தாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

அக்காவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. தோலில் ஒன்றும் இல்லை, தடிப்பும் இல்லை, சும்மா அரிக்கிறதாம். போன வாரம் சோப்புத்தூளை மாற்றினேன், மலிவு என்று. அதுதான். பழையதையே வாங்கி வந்து இருவருடைய துணிகளையும் மறுபடி துவைத்தேன். ஒரு நாள் போய்விட்டது.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஆறாம் வாரப் படம். நான் சொன்னது சரி. நீக்கிய ஏழில் ஆறு புள்ளிகள் தாமாகவே மந்தைக்குத் திரும்பிவிட்டன. நோன்பு முடிந்தது, சஹூர் முடிந்தது, பித்த அமிலமும் இறங்கிவிட்டது. கணக்கு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

முப்பத்தொன்று மட்டும் திரும்பவில்லை. இன்னும் தூரம் போயிருக்கிறது. நான்கு மடங்கு இருந்தது இப்போது பதினொரு மடங்கு.

யாரோ சரியான சாப்பாட்டு ராமி. இரத்தம் கொடுக்க வருகிற நாளில்கூட வாயைக் கட்ட முடியவில்லை. ராயாவுக்கு வீடு திறந்துவைத்துப் போடுகிற விருந்து ஒரு பக்கம், புத்தாண்டு விருந்து ஒரு பக்கம், நெய்ச்சோறும் ரெண்டாங் கறியும் தின்றுவிட்டு நேராக ஊசிக்கு வந்திருப்பாள். நீக்கினேன்.

சாயங்காலம் இதை அக்காவிடம் சொன்னேன், ஆள் யார் என்றில்லை, வெறும் கதையாக. "முப்பத்தொண்ணுன்னு ஒருத்தி இருக்கா, தின்னுட்டே வருவா," என்றேன். சிரித்தாள். அவளுக்கும் அவள் எண் தெரியாது.

முதுகைக் கதவு நிலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

பள்ளியிலிருந்து அரை நாளில் திரும்பிவிட்டாள். பதினெட்டு வருடத்தில் இது இரண்டாவது முறை. ஒண்ணுக்குத் தேத்தண்ணி நிறத்தில் போகிறதாம்.

"தண்ணி குடிக்கறியா?"

"குடிக்கறேன்."

"பத்தாது. இந்த வெயிலுக்கு ரெண்டு மடங்கு குடிக்கணும்."

"உன் மெஷின்ல ஏதாவது தெரிஞ்சா சொல்லுவே இல்ல?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா."

இளநீர் வாங்கிக் கொடுத்தேன். இடைக்கால அறிக்கை மே ஆறு. பத்து நாள்தான் இருக்கிறது. சுவா தினமும் இரண்டு முறை என் மேசைக்கு வருகிறார்.

ஏப்ரல் 29, திங்கள்

எட்டாம் வாரம். இன்று நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

அக்கா இரத்தம் கொடுத்துவிட்டு நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். சியூ லான் எதிரே வந்தவள் நின்றுவிட்டாள். தன்னார்வலர்களோடு பேச அவளுக்கு அனுமதி இல்லை. பேசவும் இல்லை. பார்த்தாள், என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"வெளியே ஒக்காந்திருக்கறது உங்க அக்காதானே? கண்ணைப் பாத்தீங்களா?"

"ஏன்?"

"வெள்ளை மஞ்சளா இருக்கு."

"தமிழ்ப் பொம்பளைங்க மஞ்சள் பூசுவோம் சியூ லான்."

"கண்ணுக்குள்ளேயா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான்காம் வாரக் கல்லீரல் பரிசோதனை சரியாக இருக்கிறது, அடுத்தது பன்னிரண்டாம் வாரம், எல்லாவற்றுக்கும் முறை என்று ஒன்று உண்டு, நீ மூக்கை நுழைக்காதே என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"இன்னைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை. இன்னைக்கே கேப்சூலை நிறுத்துங்க. மாவா இருந்தா ஒரு நஷ்டமும் இல்லை. மருந்தா இருந்தா, அந்தக் கிழங்கு சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும், எங்க ஆளுங்களுக்கே தெரிஞ்ச விஷயம்தான். அதனாலதான் வாரா வாரம் பாக்கணும்னு சொன்னேன்."

"பாக்கறேன்," என்றேன்.

வெளியே வந்து பார்த்தேன். நடைவழியில் குழல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் எல்லாருமே மஞ்சள்தான். மலாக்காரப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன், அவளும் மஞ்சளாகத்தான் தெரிந்தாள்.

வீட்டில் வெயிலில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வந்து சேர்ந்தபோது மேகம் மூடிவிட்டது.

மே 1, புதன்

விடுமுறை. வெயில் இருந்தது. நான் நாளெல்லாம் அறையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா படுத்திருந்தாள்.

மே 2, வியாழன்

இப்போது ஒருத்தி விலகினால் நாற்பத்தேழு. இந்தியப் பெண்கள் நான்கு. குழு விதித்த எண்ணிக்கை குறைந்துவிடும், அறிக்கையில் அதற்கு விளக்கம் எழுத வேண்டும், சுவா நெறிமுறைக் குழுவிடம் போய் நிற்க வேண்டும். எல்லாம் ஒரு சோப்புத்தூளுக்காகவும் வெயிலுக்காகவும். திங்கள்கிழமை அறிக்கை போய்விடட்டும். செவ்வாய்க்கிழமை நானே கூட்டிப்போகிறேன். ஐந்து நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

காலையில் அக்கா கேப்சூல்களை எண்ணி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்குப் போடட்டுமா சுகு, வாந்தி வர்ற மாதிரி இருக்கே?" என்று கேட்டாள்.

போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மே 6, திங்கள்

அறிக்கை போய்விட்டது. முப்பத்தொன்பதாம் பக்கத்தில் என் படம். அவ்வளவு சுத்தமான படத்தை இந்தத் துறையில் பார்த்ததில்லை என்று சுவா சொன்னார்.

மே 7, செவ்வாய்

காலையில் அக்கா பள்ளிக்குப் புறப்பட்டாள். சேலை கட்டி, பொட்டு வைத்து, கைப்பையை எடுத்துக்கொண்டு சமையலறையில் வந்து நின்றாள். வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள், எல்லாம் பிள்ளைகள் பெயர். நான் "அக்கா" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ எந்த வகுப்பு?" என்று கேட்டாள்.

சன்னல் வழியாக வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. மஞ்சள்தான். கண், கழுத்து, உள்ளங்கை எல்லாம்.

கைப்பையோடு அவளைக் காரில் ஏற்றி நேராக மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

மே 8, புதன்

மருத்துவமனை. கல்லீரல் செயலிழந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் சின்னப் பெண், மதுரா என்று பெயர்ப்பட்டை. என்ன மருந்து, எத்தனை நாள், எப்போது தொடங்கியது என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அரிப்பு எப்போதிலிருந்து? ஏப்ரல் 19. பசி? ஏப்ரல் 14. சிறுநீர்? ஏப்ரல் 26. தேதியோடு சொல்கிறீர்களே என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

"இவ்வளவு தெரிஞ்சிருந்தும் ஏன் கூட்டிட்டு வரலை?"

அவள் குற்றம் சாட்டவில்லை, படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது.

மாற்றுக் கல்லீரலுக்குப் பெயர் கொடுத்தார்கள். என் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான் பி, அக்கா ஓ. பொருந்தாது.

மே 9, வியாழன்

ஹயாத்தி இரும்பலமாரியைத் திறந்தாள். உயிருக்கு ஆபத்து என்றால் மறைப்பை விலக்கலாம், விதியில் இருக்கிறது. சுவாவும் சியூ லானும் கூட நின்றார்கள். அவள் விரலை வைத்துக் காட்டுவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"முப்பத்தொண்ணு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் சுவா.

தெரியாது என்றேன். இந்த நோட்டில் வேறு மாதிரி எழுதிப் பயனில்லை, ஆகவே எழுதுகிறேன். சோப்புத்தூள் வாங்கப் போன அன்று கடையில் நிற்கும்போது, பித்த அமிலம் தோலில் சேர்ந்தாலும் இப்படித்தான் அரிக்கும் என்று எனக்கு ஞாபகம் வந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது, கடைசியாகச் சாப்பிட்ட நேரம். ஹயாத்தி ஒவ்வொரு முறையும் கேட்டு நிரப்பியிருக்கிறாள். சஹூர் சாப்பிட்டவர்கள் ஆறு பேர், ஆறு பேருக்கும் நேரம் எழுதியிருக்கிறது. ஏப்ரல் 1, எண் 31: பதின்மூன்று மணி நேரம், வெறும் வயிறு. ஏப்ரல் 15, எண் 31: பதினான்கு மணி நேரம், வெறும் வயிறு. என்னை யாராவது கேட்டிருந்தால் நானே சாட்சி சொல்லியிருப்பேன். கோப்பித்தூள் டப்பா இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

முப்பத்தொன்றுக்கு வந்தது மாவு அல்ல, மருந்துதான். சியூ லான் என் தோளைத் தொட வந்து, தொடாமல் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 10, வெள்ளி

எல்லாருடைய கேப்சூல்களையும் நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தேழு பேரையும் கூப்பிட்டுப் பரிசோதிக்கிறார்கள். எல்லாருக்கும் சரியாக இருக்கிறது.

மே 11, சனி

மத்தியானம் கொஞ்ச நேரம் தெளிவு வந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

"சுகு. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"என் ரத்தம் எப்படி இருக்கு?"

போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"அரிச்சப்பவே டாக்டர்கிட்ட போயிருப்பேன்," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள். "அப்புறம் நெனச்சேன், டாக்டர் என்ன, ஒரு சொட்டுப் பாப்பாரு. என் தங்கச்சி ஆயிரம் விஷயம் பாக்கறா. ஏதாவதுன்னா அவ சொல்லிருப்பா."

"ஆமாக்கா."

"நல்லாருக்கு இல்ல?"

"நல்லாருக்கு," என்றேன்.

சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மே 13, திங்கள்

காலை பத்து நாற்பது.

மே 21, செவ்வாய்

அக்காவை எடுத்த அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேருந்தில் வந்தார்கள் என்று இப்போதுதான் சொன்னார்கள். எனக்கு யார் முகமும் நினைவில்லை.

மே 28, செவ்வாய்

வேலைக்குப் போனேன். யாரும் வரச் சொல்லவில்லை.

நீக்கிய வரியை அழித்துவிட்டு, நாற்பத்தெட்டுப் பேரையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். நான்காம் வாரத்தில் முப்பத்தொன்று விலகி நிற்கிறது. ஆறாம் வாரத்தில் திரையின் விளிம்பில். எட்டாம் வாரத்தில் அதையும் காட்டுவதற்காகக் கணினி படத்தையே சுருக்கிவிட்டது, மற்ற நாற்பத்தேழும் சேர்ந்து ஒரு மிளகு அளவுக்குத் தெரிகின்றன. மூன்று படத்தையும் வரிசையாக வைத்தால் படிக்காதவர்களுக்கும் புரியும்.

அக்காவின் இரத்தம் ஐந்து குழாய் ஃபிரீசரில் இருக்கிறது. பத்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

மே 30, வியாழன்

நெறிமுறைக் குழுவின் படிவத்தை நிரப்பினேன். சுவா கூட உட்கார்ந்தார். கூட்டுப் பொறுப்பு என்று எழுதலாம், தானும் தலையாட்டியவர்தான் என்றார். நல்ல மனிதர். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

முதல் மாறுதல் தென்பட்ட தேதி? ஏப்ரல் 9.

கவனித்தவர்? சுகுணவதி.

பங்கேற்பாளருடன் உறவு? தங்கை.

எடுத்த நடவடிக்கை? இதற்குத்தான் பெரிய கட்டம், பத்து வரி எழுதலாம். அக்காவின் சிவப்புப் பேனாதான் கையில் இருந்தது. 'நீக்கினேன்' என்று எழுதினேன். மீதி இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.